புகார் கொடுத்தால் மாறுதல்தான் பரிசா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீடு பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். நல்லதுதான். வேலை கிடைத்து உள்ளே போனவர் என்ன பாடு படுகிறார் என்பதைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

நான் ஓய்வுபெற்ற அலுவலகத்தில், போலியோவால் இரண்டு காலிலும் காலிப்பர் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டு வரும் இளநிலை உதவியாளர் ஒருவர் இருந்தார். தரைத்தளக் கழிப்பறையில் பழைய கோப்புக் கட்டுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். மாடி ஏற முடியாது என்பதால் மனுஷன் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். வாய்வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை, அப்புறம் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். பத்து நிமிடம் தாமதமானால் மெமோ, கோப்பு தேங்கினால் விளக்கம், 17பி (பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை) வரும் என்று ஜாடைமாடையாக மிரட்டல், கடைசியில் ‘நிர்வாக நலன் கருதி’ இரண்டு பஸ் மாறிப் போகிற ஊருக்கு மாறுதல். உத்தரவில் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எந்த அதிகாரி எழுதுவார்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மோசமில்லை. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டாலும் அரசு ஊழியரை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. (தனியார் கம்பெனிக்காரர்கள் கதை தனி.) ஆனால் புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று ஒரு தனிப்பிரிவு அதில் இல்லை. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அது இருக்கிறது. பாகுபாடு நடந்ததா இல்லையா என்பது ஒருபக்கம் இருக்கட்டும், புகார் கொடுத்ததற்காக ஒருவரைத் தண்டித்தாலே அங்கே அது சட்டமீறல்.

இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம். அவர் தருவது பரிந்துரை. துறை அதை ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொன்னால் போதும், அதுவரை காலிப்பர் போட்டவர்தான் இரண்டு பஸ் ஏறி இறங்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை; மாறுதல் போட்ட எந்த அதிகாரியும் அதைக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டெல்லியில் சட்டம் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம். புகார் நிலுவையில் இருக்கும்வரை அந்த ஊழியருக்கு மாறுதலோ குறிப்பாணையோ போட ஆணையரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று தமிழக அரசு ஓர் அரசாணை போடட்டும். அகவிலைப்படிக்குக் கொடி பிடிக்கிற வேகத்தில் பாதியையாவது ஊழியர் சங்கங்கள் இதற்குக் காட்டலாம், எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
திருச்சி