நாங்கள் இளைய ஆசிரியர்கள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஆசிரியர் சங்கங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரி: "பொறுமை இழந்த இளைய ஆசிரியர்கள் சிலர் தாய்ச் சங்கத்தை விட்டு வெளியேறித் தனிக்கடை விரித்ததால்தான் போராட்டங்கள் வலுவிழந்தன." உங்கள் பத்திரிகையை என் மாமனார் காலத்திலிருந்து வாங்கும் வீடு எங்களுடையது. அதனால்தான் அந்த வரி கூடுதலாக வலித்தது.

எனக்கு வயது 47. தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியை நான். 1998-ல் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று அட்டையைப் புதுப்பித்தேன். ஒரு தடவை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பதிவு மூப்பில் என் முறை வந்து பணி ஆணை கைக்குக் கிடைத்தது 2009 ஜூலையில். பதினொரு வருடம் காத்திருந்தவளைப் பொறுமை இழந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தேதிக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறாவது ஊதியக் குழுவின் அரசாணை 2009 ஜூன் 1-ஆம் தேதியிட்டது. அதற்கு முன்பே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியர்களுக்குப் பழைய அடிப்படைச் சம்பளம் 4500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8370 ஆக்கினார்கள். அந்தத் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்கு 5200. அடிப்படையோடு சேரும் தர ஊதியம் (கிரேடு பே) 2800 இருவருக்கும் ஒன்றுதான். ஆக, அடிப்படையில் 3170 ரூபாய் பள்ளம். ஏழாவது ஊதியக் குழுவில் எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கியபோது அந்தப் பள்ளமும் கூடவே பெருகி 8000-ஐத் தாண்டியது. அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறுகிறது. தனி ஊதியம் என்று முதலில் 750 கொடுத்தார்கள், பிறகு 2000 ஆக்கினார்கள். அதை வைத்து இதை எப்படி அடைப்பது?

எங்கள் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, நான் அக்கா என்று கூப்பிடும் இன்னொரு இடைநிலை ஆசிரியை பார்க்கிறார், நான்கும் ஐந்தும் நான். அக்கா சேர்ந்தது 2008-ல். அதே பயிற்சி, அதே எண்ணும் எழுத்தும் பாடம், அதே வருகைப் பதிவு. ஒவ்வொரு பிப்ரவரியும் வருமான வரிப் படிவத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து நிரப்புவோம். ஒரு வருடம் நான் ஏதோ சந்தேகம் கேட்கத் திரும்பியபோது, அக்கா தன் தாளைக் கவிழ்த்து வைத்தார். பெருமைக்காக அல்ல, என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு. அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சங்கத்தை உடைப்பது எனக்கு விருப்பமான காரியமா? 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார்களே, என் மாமனார் அதில் ஒருவர். "சங்கம் நம்ம வீடும்மா, சண்டையை உள்ளேயே போடு" என்பார். உள்ளேதான் போட்டேன். பல வருடம் சந்தா கட்டினேன். ரசீதுகள் இன்னும் இருக்கின்றன. 2017-ல் மாவட்டப் பொதுக்குழுவில் ஊதிய முரண்பாட்டைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். கடைசித் தீர்மானமாக வைத்தார்கள். அது வரும்போது பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். மைக்கைக் கேட்டேன். "டீச்சர், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மேடையில் இருந்தவர். பிறகு புது நிர்வாகிகள் பட்டியலை வாசித்தார்கள், கை தட்டினார்கள், ஒருமனதாகத் தேர்வு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். தேர்தல் வைத்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டவர்களுக்கு அன்றே 'எதிர்க் கோஷ்டி' என்று பெயர் வைத்தாயிற்று. பெண்கள் பாதிக்கு மேல் இருந்த அந்தக் கூட்டத்தில் மேடையில் ஒரு பெண்கூட இல்லை. இதையும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் 22-ஆம் தேதி தொடங்கி ஒன்பது நாள் நடந்தது. ஒரு நாள் விடாமல் நின்றேன். சம்பளம் பிடித்தார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணையும் வந்தது. பழைய ஓய்வூதியம்தான் முதல் கோரிக்கை. எனக்கும் அது வேண்டும். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த எல்லாரையும் போல என் சம்பளத்திலும் ஓய்வூதியத்துக்கென்று மாதாமாதம் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள்; பழைய திட்டத்தில் அந்தப் பிடித்தம் இல்லை. ஆனால் கோரிக்கைப் பட்டியலில் எங்கள் முரண்பாடும் இருந்தது. பேச்சுவார்த்தை என்று வரும்போதெல்லாம் அதுதான் முதலில் நழுவுகிறது. சரி, அவரவர் வலி அவரவருக்குத்தான் தெரியும் என்றுதான் இடைநிலை ஆசிரியர்கள் தனியாகச் சென்னைக்குப் போனார்கள். 2018 டிசம்பரில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகமான டிபிஐ வளாகத்தில் உண்ணாவிரதம். 2022 டிசம்பரில் மறுபடியும். இரண்டாவது தடவை நானும் போனேன். பக்கத்தில் இருந்த டீச்சர் மூன்றாம் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மடியில் சாய்ந்துவிட்டார். அவருடைய பையில் திருத்தி முடிக்காத அரையாண்டு விடைத்தாள் கட்டு இருந்தது. இதற்குப் பெயர் தனிக்கடையா?

2021 திமுக தேர்தல் அறிக்கையில் சம வேலைக்குச் சம ஊதியம் தருவோம் என்று 311-ஆம் வாக்குறுதியாகச் சொன்னார்கள். 2023 புத்தாண்டு அன்று மூன்று பேர் கொண்ட குழு அறிவித்தார்கள். குழுவை அறிவித்தால் பள்ளம் மூடிவிடுமா? போராட்டம் வலுவிழந்ததற்குக் காரணம் தேட வேண்டுமென்றால் அங்கே தேடியிருக்கலாம். எளிதாகக் கிடைத்தது நாங்கள்தான் போலிருக்கிறது.

கட்டுரையை மறுத்து வேறொரு கட்டுரை போடுங்கள் என்று கேட்கவில்லை. 'இளைய ஆசிரியர்கள்' என்பதை '2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள்' என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு வரி வெளியிட்டால் போதும். வெட்டி எடுத்து அக்காவிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்