வீட்டுச் சூடாக்கத்தின் டைமரை மாற்றுவது குறித்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா ஊரிலிருந்து லீட்ஸுக்கு வந்து சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் அவர் வந்த வாரத்திலேயே டைமர் பழுதாகி, பாய்லரை நீ கையால் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது கவலையளிக்கிறது. விடியற்காலையில் எழுந்து குளிப்பவருக்கு வீடு அதற்கு முன்பே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதே.

இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் கம்பிகள் அனைத்தும் சுவரில் திருகிய ஒரு பின்தட்டில் வந்து முடியும். டைமர் அதன்மேல் மாட்டப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் ஒரே அளவான பின்தட்டைப் பின்பற்றுவதால், அடிப்புறத் திருகுகளைத் தளர்த்திப் பழையதைக் கழற்றி, அதே வகையில் புதியதை மாட்டினால், ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் வேலை முடிந்துவிடக்கூடும். இதனால்தான் கடைக்குப் போகும் முன் உன் பின்தட்டைப் பார்த்துவிடச் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்து. பாய்லருக்கு அருகில் ஃபியூஸ் பொருத்திய சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை அணைத்து, உள்ளிருக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸை உருவி உன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள். அங்கே ஓடுவது 230 வோல்ட். நாம் பாலிடெக்னிக்கில் பயன்படுத்திய நியான் டெஸ்டரை இதற்கு நம்ப வேண்டாம். இரண்டு முனைகள் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு பின்தட்டில் வைத்துப் பார்த்து, மீண்டும் முதல் இடத்தில் சோதித்த பின்னரே கம்பிகளில் கை வை.

நிறத்தை வைத்து எந்தக் கம்பி எது என்று முடிவு செய்யாதே. பழைய வீடுகளில் லைவ் சிவப்பாகவும் நியூட்ரல் கருப்பாகவும் இருக்கும். புதிய வயரிங்கில் அவை பழுப்பும் நீலமும். சூடாக்க இணைப்புகளிலோ மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகூட நீல நிறத்தில் இருப்பதுண்டு. எந்த முனையில் எந்தக் கம்பி இருந்தது என்பதே கணக்கு. வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டின் இரட்டை டைமரில் வழக்கமாக 3 என்று எண்ணிட்ட முனை வெந்நீருக்கும், 4 என்று எண்ணிட்ட முனை ரேடியேட்டர்களுக்கும் உரியவை. 1 என்ற முனையில் கம்பி இருந்தால், ஒரே மும்முனை வால்வு இரண்டையும் பிரித்து அனுப்பும் அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வால்வுக்கு வெந்நீர் அணைந்துவிட்டது என்ற தகவல் தேவை என்பதால் அந்தக் கம்பியை விட்டுவிடக் கூடாது.

உன் வீட்டில் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், இன்னும் எச்சரிக்கை தேவை. சில பாய்லர்களின் கட்டுப்பாட்டு முனைகள் டைமரிடமிருந்து 230 வோல்ட்டை எதிர்பார்ப்பதில்லை. இரு முனைகளை இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச் மட்டுமே அவற்றுக்குப் போதும். அப்படிப்பட்ட பாய்லருக்கு, டைமரில் லைவையும் பொது முனையையும் இணைக்கும் சிறு துண்டுக் கம்பியை யாராவது போட்டுவிட்டால், மின்சாரம் நேராக பாய்லரின் மின்பலகைக்குள் புகுந்து அதைச் சிதைத்துவிடும். டைமரின் விலையைப் பார்க்கிலும் அந்தப் பலகையின் விலை பல மடங்கு. ஆகவே பாய்லரின் கையேட்டைப் படிக்காமல் அந்த இணைப்பைப் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பாய்லரின் உறையைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை அழைத்துவிடு.

எர்த் கம்பியை, பிளாஸ்டிக் டைமருக்குத் தேவையில்லை என்று வெட்டிவிடாதே. அதற்கென்று உள்ள முனையிலேயே இறுக்கி வை. வாங்கும்போது மார்ச், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுகளில் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் டைமராகப் பார்த்து வாங்கு.

பழையதைக் கழற்றியதும், எந்தக் கம்பியையும் அசைக்காமல் பின்தட்டைப் படமெடுத்து, பாய்லரின் பெயரையும் மாடலையும் சேர்த்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முருகேசன்
ரெடிங்