நண்பருக்கு ஒரு கடிதம்: ஜெருசலேமும் கிரயப் பத்திரமும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலனும் வீட்டிலுள்ளோர் நலனும் அறிய ஆவல். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதமாகிறது. எழுத்து இப்போது தெளிவாகத் தெரிவதால் தங்கள் கடிதத்தைப் பேத்தியின் துணையின்றி நானே இரண்டு முறை வாசித்தேன். பாலஸ்தீனத்தைப் பற்றி எழுதும்போது, "இரண்டாயிரம் ஆண்டுப் பகை, சாமி பேரில் மூண்ட சண்டை, யாராலும் தீர்க்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறையில் ஒன்றாகக் குப்பை கொட்டிய உரிமையில் சொல்கிறேன், அந்த வரியை நான் ஏற்பதற்கில்லை.

பழமை இல்லை என்று நான் வாதிடவில்லை. கி.பி. 70இல் ரோமானியர் ஜெருசலேமில் இருந்த யூதர்களின் ஆலயத்தை இடித்ததும், 135இல் கிளர்ச்சியை ஒடுக்கிய பேரரசன் ஹட்ரியன் அந்த நாட்டின் பெயரையே மாற்றியதும், 7ஆம் நூற்றாண்டில் கலீபா உமரின் ஆட்சியில் நகரம் முஸ்லிம்கள் கைக்கு வந்ததும், ஆலயம் இருந்த மேட்டிலேயே அதே நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம்களின் புனிதத் தலமான பொற்குவிமாடம் எழுந்ததும், 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் முஸ்லிம்களையும் யூதர்களையும் வேறுபாடின்றி வெட்டிச் சாய்த்ததும் எல்லோரும் அறிந்தவையே. ஆனால் நினைவு வேறு, வழக்கு வேறு. ஓர் இடத்தின் மீது நினைவு எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் கிடக்கலாம்; அது வழக்காக மாறிய தேதியைத்தான் நாம் தேட வேண்டும்.

1517 முதல் நானூறு ஆண்டுகள் துருக்கிய உஸ்மானியர் ஆண்ட காலத்தில், ஜெருசலேமின் புனித இடங்களில் ஓயாமல் சண்டையிட்டவர்கள் யார் தெரியுமா? கிறித்தவர்கள், தமக்குள்ளேயே. இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தில் ஆறு திருச்சபைகளுக்குப் பங்கு உண்டு. ஒரு படிக்கட்டைப் பெருக்கியவருக்கு அந்தப் படியும், கூரையைப் பழுதுபார்த்தவருக்கு அந்தக் கூரையும் சொந்தம் என்ற நிலை இருந்ததால், துடைப்பத்தை எடுப்பதே உரிமை கோருவதாயிற்று. நாம் அனுபோகம் என்று எழுதி வைத்தோமே, அதேதான். 1852இல் சுல்தான், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று ஆணையிட்டார். முகப்புச் சன்னல் ஒன்றின் கீழே சாத்திய மர ஏணி ஒன்று, எல்லோரும் சம்மதித்தாலொழிய எடுக்கக் கூடாது என்பதால் இன்றும் அங்கேயே நிற்கிறது. வாசல் சாவியோ தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. பெத்லகேம் தேவாலயத்தின் வெள்ளி நட்சத்திரம் 1847இல் காணாமற்போனதும், யார் எந்தத் திறவுகோலை வைத்துக்கொள்வது என்ற தகராறும், பிரான்சும் ரஷ்யாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றதால் கிரிமியப் போருக்கே ஒரு காரணமாயின. இத்தனைக்கும் நடுவே யூதர்கள், இடிந்த ஆலய வளாகத்தில் எஞ்சி நிற்கும் மேற்குச் சுவரருகே வந்து தொழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

வழக்கு தொடங்கிய தேதி என்று என்னைக் கேட்டால், உஸ்மானியரின் நிலச் சட்டம் வந்த 1858ஐச் சொல்வேன். அதுவரை பல கிராமங்களில் விளைநிலம் 'முஷா' என்ற முறையில் ஊர்ப் பொதுவாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குடும்பங்களுக்குள் பங்கை மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள். நம் பழைய மிராசு ஊர்களின் கரையீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டம் ஒவ்வொரு துண்டும் ஒரு பெயரில் பதிவாக வேண்டும் என்றது. பெயர் கொடுத்தால் வரி வரும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்று அஞ்சிய உழவர் பலர், நிலத்தை ஊர்ப் பெரியவர் பெயரிலோ நகரத்து வணிகர் பெயரிலோ எழுத விட்டுவிட்டார்கள். அரசே விற்ற நிலங்களும் இருந்தன. பெய்ரூட் நகரத்துச் சுர்சோக் குடும்பம் வடக்குப் பாலஸ்தீனத்தின் மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியின் பெரும்பகுதியை 1870களில் அப்படித்தான் வாங்கியது. உழுதவருக்கு எதுவும் மாறியதாகத் தோன்றவில்லை; விளைச்சலில் வாரம் வாங்க வருகிறவர் மட்டும் மாறியிருந்தார்.

1920களில் அதே குடும்பம் அந்தச் சமவெளியை யூத நிறுவனங்களுக்கு விற்றபோதுதான் பத்திரத்தின் முழு வலிமை வெளிப்பட்டது. அதுகாறும் நிலம் கைமாறினாலும் குடியானவர் அங்கேயே இருப்பார். இப்போது வாங்கியவர்களோ தாமே உழுது குடியேற வந்தவர்கள், ஆளில்லாத நிலம் கேட்டார்கள். 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தை மறுபடி விற்கக் கூடாது என்பதும் விதி. சட்டப்படி கிரயத்தில் வில்லங்கமே இல்லை. ஆயினும் தன் பாட்டன் உழுத நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவன் எந்தப் பத்திரத்தைப் படித்துச் சமாதானமடைவான்? 1929இலும் 1933இலும், உஸ்மானியருக்குப் பின் அங்கே ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம் உழவர் பாதுகாப்புச் சட்டங்கள் கொண்டுவந்தது. விற்பதற்கு முன்பே குடியானவரை அப்புறப்படுத்தி நில உரிமையாளர்கள் அவற்றைத் தாண்டினார்கள். 1952இல் தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த கதை தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியவர்களைக் கொடியவர்களாகக் காட்டுவதும் நேர்மையாகாது. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் அடுத்தடுத்து நடந்த படுகொலைகளுக்குத் தப்பி ஓடியவர்கள் அவர்கள். 1924இல் அமெரிக்கா வாசலை ஏறக்குறைய மூடிவிட்டது. 1933இல் ஹிட்லர் வந்தான். போக இடமில்லாதவர்கள், நிலத்தை விட்டுப் போக முடியாதவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். என் கோபமெல்லாம் நடுவில் இருந்தவர்கள் மீதுதான். அரபுகளுக்கு விடுதலை தருவதாக 1915இல் கடிதம் எழுதிய பிரிட்டன், 1916இல் பிரான்சோடு வரைபடத்தில் கோடு போட்டது. 1917 நவம்பர் 2 அன்று யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் அரபுகள் 'யூதரல்லாத சமூகங்கள்' மட்டுமே. 1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் இருந்த ஏறத்தாழ 7,57,000 பேரில் யூதர்கள் 84,000 அளவே. ஒரே மனையை மூன்று பேருக்கு எழுதிக் கொடுப்பவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள்?

சாமி இந்த வழக்குக்குள் முழுமையாக வந்தது அதன் பிறகுதான். மேற்குச் சுவருக்கு எதிரே இருந்த மக்ரிபி குடியிருப்பு, சிலுவைப் போர்வீரர்களிடமிருந்து நகரத்தை மீட்ட சுல்தான் சலாஹுத்தீனின் மகன் 1193இல் எழுதி வைத்த வக்ஃபு நிலம். 1928இல் யூதர்களின் பாவமன்னிப்பு நாளன்று, ஆண்களையும் பெண்களையும் பிரிக்க அங்கே ஒரு துணித்தடுப்பு வைத்தார்கள். இன்று திரை வைத்தவர் நாளை சுவர் எழுப்புவார் என்று முஸ்லிம் தரப்பு எதிர்த்தது. தொழுகையின் நடுவே போலீசார் அதைப் பிடுங்கினார்கள். சமவெளியில் நிலமிழந்தவனின் அச்சத்துக்கு அந்தத் துணி ஓர் உருவம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 133 யூதர்களும் 116 அரபுகளும் மாண்டார்கள். நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்த ஹெப்ரானில் மட்டும் 67 பேர். அங்கேயே அண்டை வீட்டு யூதர்களை ஒளித்து வைத்துக் காத்த அரபுகளும் இருந்தார்கள். 1930இல் விசாரித்த குழு, சுவர் முஸ்லிம்களின் சொத்து, வந்து தொழும் உரிமை யூதர்களுக்கு உண்டு என்றது. நல்ல தாசில்தார் எழுதும் உத்தரவு போன்றதுதான். ஆனால் இரு தரப்பும் அதற்குள் உத்தரவுகளைக் கடந்துவிட்டிருந்தன.

இஸ்ரேல் நாடு உருவாகிப் போர் நடந்த 1948ஐப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. 7,00,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தனர்; பழைய நகரின் யூதக் குடியிருப்பும் அதே ஆண்டு காலியாயிற்று, அவர்களுக்குச் சுவர் 19 ஆண்டுகள் எட்டாமற்போனது. 1967இல் இஸ்ரேல் நகரத்தைப் பிடித்த சில நாட்களுக்குள், 1193ஆம் ஆண்டின் அந்த வக்ஃபு குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டு, சுவருக்கு முன்னால் இன்றைய பெரிய முற்றம் உருவானது.

ஒன்று மட்டும் என்னை உறங்கவிடவில்லை. 1950இல் இஸ்ரேல் இயற்றிய சட்டம், போரின்போது ஊரை விட்டு அகன்றவரின் சொத்தை அரசுப் பாதுகாவலரிடம் ஒப்படைத்தது. பக்கத்து ஊருக்கு மட்டும் ஓடி, நாட்டுக்குள்ளேயே இருந்து, குடியுரிமையும் பெற்றவர்களின் நிலமும் அதில் போயிற்று. அவர்களுக்கு 'இங்கேயே இருந்தும் இல்லாதவர்' என்று பெயர். நம் கிராம நிலக் கணக்கான அடங்கலில் அப்படி ஒருவரை எந்தக் கலத்தில் எழுதியிருப்போம்? குத்தகை வழக்குகளில் என்னைவிடப் பழுத்தவர் தாங்கள், யோசித்து எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
பழைய சகா