வீரமரணம் என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பணியில் இறந்த காவலர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். பெயர், வயது, குண்டுகள் முழங்க மரியாதை, தலைப்பில் 'வீரமரணம்'. எப்படி இறந்தார் என்பது மட்டும் ஒரு வரியோடு முடிந்துவிடும்: வாகனத் தணிக்கையில் இருந்தபோது லாரி மோதியது. எனக்கு அந்த வரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

26 ஆண்டுகள் காவல் பணியில் இருந்தேன். கடைசி 11 ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் கவாத்து, அதாவது அணிவகுப்புப் பயிற்சி, சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அதற்கு முன்பு, ஓர் இரவுத் தணிக்கையில் நான்கு பேர் நின்றிருந்தோம். நிறுத்திய காருக்கும் எங்கள் ஜீப்புக்கும் இடையில் நின்று ஒருவர் உரிமத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த வேன் ஜீப்பை இடித்தது. ஜீப் அவரைக் காரோடு சேர்த்து நசுக்கியது. தொடையில் ரத்தம் குழாயைத் திறந்துவிட்டது போல வந்தது.

மீதி மூன்று பேருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆயுத மரியாதை பிசகாது. ரத்தத்தை நிறுத்த மட்டும் யாருக்கும் தெரியவில்லை. முதலுதவிப் பெட்டியில் துருப்பிடித்த கத்தரிக்கோல், காலி டிஞ்சர் பாட்டில், பாதி பிளாஸ்திரி. நான் என் பெல்ட்டை அவிழ்த்து முழங்காலைச் சுற்றி இறுக்கினேன். காயமோ அதற்கு மேலே. ஆள் பிழைத்தார், கால் போய்விட்டது.

பிறகு ஒரு மருத்துவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: காயத்துக்கு மூன்று நான்கு விரல் மேலே கட்ட வேண்டும், மூட்டின் மேல் கட்டவே கூடாது, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும், கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வருமா? பக்கத்தில் நிற்பவர்தான் ஆம்புலன்ஸ்.

பயிற்சிப் பள்ளிக்குப் போனதும் இதைத்தான் முதலில் ஆரம்பித்தேன். விளக்கை அணைத்துவிட்டு, ஒரே கையால், தன் தொடையில் தானே டூர்னிகே பட்டையை, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையை, கட்டச் சொல்வேன். முதல் நாள் எல்லோரும் பட்டையின் முனையைத் தேடுவதிலேயே நேரத்தைத் தொலைப்பார்கள். மூன்றாவது வாரம் பேசிக்கொண்டே கட்டுவார்கள். அப்புறம் பயிற்சி முடிந்து பணிக்குப் போவார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும்போது கேட்டால், "மறந்துட்டேன் சார்" என்பார்கள். பட்டை பாலிதீன் உறையோடு அலமாரியில் இருக்கும். ஒருமுறை கற்றதைப் பணி முழுக்க வைத்து ஓட்டச் சொல்கிறோம். என் குறை இதுதான். கவாத்தை நான் பழிக்கவில்லை, எனக்குச் சம்பளம் தந்ததே அதுதான். ஆனால் கவாத்து மாதா மாதம் நடக்கிறது, இது நடப்பதில்லை.

துப்பாக்கிப் பயிற்சியும் கிட்டத்தட்ட இப்படித்தான். அசையாத பலகையைப் பார்த்து, அசையாமல் நின்று சுடுகிறோம். 1983-ல் டென்னிஸ் டுல்லர் என்ற அமெரிக்கக் காவல் அதிகாரி, கத்தி வைத்திருப்பவர் 21 அடி தூரத்தை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்று ஓடவிட்டுக் காட்டினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பலர் இதை '21 அடிக்குள் வந்தால் சுடலாம்' என்று பாடமாக்கிவிட்டார்கள். நான் என் மாணவர்களுக்குச் சொன்னது வேறு: தள்ளி நில், நடுவில் ஒரு மேசையோ கார் கதவோ இருக்கட்டும், பேச நேரம் கிடைக்கும்.

பேசுவதும் பயிற்சிதான். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987-ல் மனநலம் பாதித்த, கையில் கத்தி வைத்திருந்த ஓர் இளைஞர் போலீஸ் சுட்டதில் இறந்தார். மறு ஆண்டே அங்கே மனநல மருத்துவர்கள், நோயாளிகளின் குடும்பங்களோடு சேர்ந்து காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி தொடங்கினார்கள். குரலைத் தாழ்த்துவது, ஒருவர் மட்டும் பேசுவது, அவசரப்படாமல் இருப்பது. எதிரில் நிற்பவர் பிழைத்தால் காவலரும் முழுசாக வீட்டுக்குப் போவார்.

தூக்கத்தை யாரும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. குடித்தவரைப் பிடிக்க நிற்கும் காவலர் அதே நிலையில்தான் நிற்கிறார். குண்டு துளைக்காத உடைக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 5 ஆண்டுதான் உத்தரவாதம். உள்பக்கத்து லேபிளை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

ஆள் பற்றாக்குறை, பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்பார்கள். சரி, அனுப்ப வேண்டாம். தினமும் பணிக்கு முன் பெயர் கூப்பிட்டு ரோல்கால் எடுக்கும்போது பத்து நிமிடம் கொடுங்கள். திங்கள் பட்டை கட்டுவது. செவ்வாய் சாலையில் எங்கே நிற்பது: இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்காதே, வருகிற போக்குவரத்துக்கு முதுகைக் காட்டாதே, ஒளிரும் மேலங்கியைக் கழற்றாதே. புதன் கதவைத் தட்டும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது. பெரிய செலவு ஒன்றுமில்லை. அதிகாரி ஒருவர் தானும் குனிந்து பட்டையைக் கட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு சாவுச் செய்தி வரும்போது, உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள்: அவர் மேலங்கி போட்டிருந்தாரா, அன்று எத்தனையாவது மணி நேரமாகப் பணியில் இருந்தார், கடைசியாக எந்த மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கவாத்து ஆசிரியர் ஒருவர்