தோட்டா மறுநிரப்பல்: மிச்சமும் ஆபத்தும்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். பணம் மிச்சம் என்று நம்பி இறங்குபவர், எந்தத் தோட்டா என்பதை முதலில் பார்க்கட்டும். .22 ரிம்ஃபயர் என்னும் சிறு தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா கடையிலேயே மலிவு, மறுநிரப்பலுக்கான பிரஸ் (அழுத்தும் கருவி), டை (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு), தராசு வாங்கிய காசு திரும்ப வெகுகாலம் ஆகும். விலை கூடிய ரைஃபிள் தோட்டாவுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஆபத்து கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒளிந்திருக்கிறது. குண்டைத் தள்ளும் வெடிமருந்து பெரும்பாலும் கூட்டின் அடியில் கொஞ்சமே கிடக்கும். தவறி இரண்டாம் முறை விழுந்தாலும் வழியாது, கண்ணுக்குத் தப்பிவிடும். மருந்தே விழாமல் போனால் பிரைமர் என்னும் தீப்பற்றவைக்கும் சிறு மூடி மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்க வைத்துவிடும். 'டப்' என்று சத்தம் அடங்கிக் கேட்டும் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். 50 கூடுகளைப் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும். மேசையில் ஒரே மருந்து டப்பா. கைபேசி அடுத்த அறையில். இவ்வளவு பொறுமை இல்லாதவருக்குக் கடைத் தோட்டாவே மேல்.

இந்தியாவில், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

– ஒரு வாசகர், டெக்சாஸ்