வீரனை வளர்த்த கிளப்புக்கும் பங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்தில் எந்த வீரர் எந்த கிளப்புக்கு என்ன விலைக்குப் போனார் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு சீசனிலும் விரிவாக எழுதுகிறீர்கள், நானும் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். அதே மாதிரி ஒரு சந்தை இணையத்திலும் நடக்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் ஆட்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் நான் ஒரு வார்த்தை படித்ததில்லை. ஆன்லைன் கால்பந்து மேலாளர் விளையாட்டுகளைச் சொல்கிறேன். பதினொரு வருஷமாக அப்படி ஒரு விளையாட்டில் ஒரு கற்பனை கிளப்பை நடத்தி வருகிறேன். அதன் வீரர் சந்தை விதிகளை மாற்றப்போவதாகச் சொல்லி, ஆடுகிறவர்களிடம் இப்போது கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. உங்கள் வாசகர்களிலும் இதை ஆடுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் பந்தை நாம் உதைப்பதில்லை. அணியைத் தேர்ந்தெடுக்கிறோம், கோச் வைக்கிறோம், பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், வாரத்துக்கு ஒரு மேட்ச், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஸ்வீடனில் 1997-ல் தொடங்கிய ஹாட்ரிக் என்ற விளையாட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் இதன் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது நிதானமான விளையாட்டு. ஒரு வீரனின் திறமை ஒரு லெவல் ஏற வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புக்காகவே இதை விரும்பி ஆடுகிறோம்.

ஆனால் வீரர்களை வாங்கி விற்கிற இடத்தில் மட்டும் நிதானத்துக்கு மதிப்பே இல்லை. அங்கே கண் விழித்திருக்கிறவருக்குத்தான் பணம்.

என் யூத் டீமில் பதினேழு வயதில் ஒரு இடது விங்கர் வந்தான். பெயர் கணினி வைத்த பெயர்தான், ஆனாலும் எனக்கு அவன் நிஜப் பையன் மாதிரி. முதல் லெவல் மூன்றே வாரத்தில் ஏறினான், மேலே போகப் போக ஒரு லெவலுக்கு எட்டு வாரம், ஒன்பது வாரம் ஆனது. அவனுக்காக மற்ற எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு விங் பயிற்சி மட்டுமே கொடுத்தேன், அதனால் என் மிட்ஃபீல்ட் தேய்ந்துபோய் ஒரு சீசனில் கீழ் டிவிஷனுக்கு இறங்கவும் இறங்கினேன். கிட்டத்தட்ட 60 வாரம். அப்புறம் ஸ்டேடியத்தைப் பெரிதாக்கப் பணம் தேவைப்பட்டு அவனை விற்பனைக்குப் போட்டேன். எங்கள் விளையாட்டில் நாம் பட்டியலில் போடுகிற நேரத்திலிருந்து சரியாக மூன்று நாள் கழித்து ஏலம் முடியும். வேலையெல்லாம் முடித்து ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் போட்டிருந்தேன், அதனால் ஏலமும் அந்த நேரத்துக்கே முடிந்தது. அந்த நேரத்தில் அவனைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் போலிருக்கிறது. 18 லட்சம் விளையாட்டுப் பணத்துக்குப் போனான். வாங்கியவர் அவனை ஒரு மேட்ச்சில்கூட இறக்கவில்லை. பத்தாவது நாள், நிறைய பேர் ஆன்லைனில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மாலையில், அதே பையன் 41 லட்சத்துக்குப் போனான்.

அறுபது வாரம் வளர்த்தவனுக்கு 18 லட்சம், பத்து நாள் வைத்திருந்தவருக்கு 23 லட்சம். வாங்கியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விதியில் எது நடக்குமோ அதைத்தான் அவர் செய்தார். மாற வேண்டியது விதி.

வாங்குகிற பக்கத்திலும் இதே கதைதான். போன வருஷம் எனக்கு ஒரு கோல்கீப்பர் அவசரமாகத் தேவைப்பட்டது. ஏலம் முடிகிற நேரம் அதிகாலை 2:40. காய்ச்சலில் இருந்த மகளைத் தோளில் தூங்க வைத்துக்கொண்டு, இடது கையில் போனைப் பிடித்தபடி, சத்தம் வராமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். நான்தான் அதிக விலை கேட்டிருந்தேன். நேரம் ஒரு நிமிஷம், முப்பது விநாடி, பத்து விநாடி என்று குறைகிறது. மூன்று விநாடி இருக்கும்போது திரையில் எண் மாறியது, என் விலையைவிட ஆயிரம் அதிகம். நான் கட்டைவிரலை நகர்த்துவதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு லட்சம் கொடுக்க நான் தயாராக இருந்தேன், விற்றவருக்கும் அந்த இரண்டு லட்சம் போச்சு. விலை தெரிந்தவர் ஜெயிக்கவில்லை, விரல் வேகமானவர் ஜெயித்தார். என் லீக்கில் இருந்த நண்பர் ஒருவர் இரவுப் பணி பார்க்கிறவர், இப்படி மூன்று முறை தோற்ற பிறகு ஒன்பது வருஷம் நடத்திய கிளப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடைசி விநாடியில் வந்து அள்ளுகிற இந்த வேலைக்கு ஸ்னைப்பிங் என்று பெயர், இதைப் பொருளாதார ஆராய்ச்சியாளர்களே எடுத்து அலசியிருக்கிறார்கள். ஆல்வின் ரோத், ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் ஈபே ஏலங்களையும் அப்போது அமேசான் நடத்திவந்த ஏலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும். அமேசானில் கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் யாராவது விலை கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும். கடைசி நேர அடிதடி ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள். ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, கடிகாரத்தை வைத்த விதம் அப்படி.

சரி, எங்கள் விளையாட்டிலும் நேரத்தை நீட்டினால் போதுமா? பாதிதான் தீரும். நேரம் நீண்டால் மூன்று விநாடித் திருட்டு நிற்கும், ஆனால் 2:40-க்கு முழித்திருக்க வேண்டிய கஷ்டம் 3:10 வரை போகும். அதனால் நான் கேட்பது இரண்டையும் சேர்த்து: நேரமும் நீள வேண்டும், ஒருவர் தன் உச்ச விலையை முன்கூட்டியே ரகசியமாகப் போட்டுவிட்டுத் தூங்கப் போகவும் முடிய வேண்டும். அடுத்தவர் கேட்கிற விலைக்குக் கொஞ்சம் மேலே, தேவைப்படுகிற அளவுக்கு மட்டும் கணினி ஏற்றிக்கொண்டு போகட்டும், உச்சம் தாண்டினால் விட்டுவிடட்டும். இதன் அடிப்படைக் கணக்கை வில்லியம் விக்ரி 1961-லேயே எழுதிவிட்டார். ஜெயித்தவர் இரண்டாவது விலையை ஒட்டியே கொடுப்பார் என்றால், ஒவ்வொருவரும் தனக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறுமோ அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது என்பதுதான் அது. 1996-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை, ஈபேயிலேயே பல வருஷமாக இருக்கிற வசதிதான்.

ஏலம் முடிகிற நேரத்தை விற்கிறவரே தேர்ந்தெடுக்கவும் விட வேண்டும். நான் ராத்திரி பட்டியலில் போட்டால் ராத்திரியே முடிய வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இதைவிட எனக்கு முக்கியம் வளர்த்தவரின் பங்கு. நிஜக் கால்பந்தில் இதற்கு 2001-லிருந்தே விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு வீரர் வேறு நாட்டு கிளப்புக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 விழுக்காடு அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி பெற்ற கிளப்புகளுக்குப் பிரிந்து போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்குக் கால் விழுக்காடு, அதற்கு மேல் வருஷத்துக்கு அரை விழுக்காடு. சின்ன எண்ணாகத் தெரியலாம். 2017-ல் நெய்மர் பார்சிலோனாவிலிருந்து பாரிசுக்கு 22 கோடியே 20 லட்சம் யூரோவுக்குப் போனாரே, அந்தத் தொகையில் 5 விழுக்காடு என்றால் 1 கோடியே 11 லட்சம் யூரோ. சிறுவர்களை வளர்க்கிற கிளப்புகளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

எங்கள் விளையாட்டில் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம், ஏனென்றால் எந்த வாரம் எந்த கிளப் யாருக்குப் பயிற்சி கொடுத்தது என்பது சர்வரில் அப்படியே பதிவாகியிருக்கிறது. பயிற்சி கொடுத்த ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் அரை விழுக்காடு, உச்சம் 10 விழுக்காடு என்று வையுங்கள். என் விங்கர் 41 லட்சத்துக்குக் கைமாறியபோது 60 வாரத்துக்கு ஏழரை விழுக்காடு, அதாவது மூன்று லட்சத்துக்கு மேல் எனக்கு வந்திருக்கும். என் கோச்சுக்கு ஒரு சீசன் சம்பளம் அது. இரண்டு அக்கவுன்ட் வைத்துக்கொண்டு ஏமாற்றுவார்களே என்று சிலர் பயப்படுகிறார்கள். பங்கு விலைக்குள்ளிருந்துதான் போகிறது, புதுப் பணம் எங்கும் உருவாகாது, அதனால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இரட்டை அக்கவுன்ட் தனி வியாதி, அதற்கு மருந்து வேறு.

வாங்கி உடனே விற்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். 'இதுவும் ஒரு திறமைதானே' என்பார்கள். உண்மைதான். சீசன் முடிவில் விலை எப்போது இறங்கும், எந்த வயது வீரனுக்கு எப்போது கிராக்கி வரும் என்று அவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சம்பளம் கட்ட முடியாமல் ஒருவர் அவசரமாக விற்கும்போது அவர்கள்தான் வாங்கவும் செய்கிறார்கள், இல்லாவிட்டால் புதிதாக வந்தவர்களின் கிளப்புகள் பல மூழ்கிப் போயிருக்கும். அதனால் தடை கேட்கவில்லை. வாங்கிய இரண்டு வாரத்துக்குள் விற்றால் 25 விழுக்காடு கமிஷன், பிறகு வாரத்துக்கு 2 விழுக்காடாகக் குறைந்து பன்னிரண்டாவது வாரம் 5 விழுக்காட்டில் நிற்கட்டும் என்கிறேன். இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கமிஷன், சொந்த யூத் டீம் பையனை விற்கிறவருக்கும் அதேதான், இது எந்த ஊர் நியாயம்?

விலைக்கு உச்சவரம்பு வையுங்கள் என்று கேட்கிறவர்களோடு மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். ஃபிஃபா அல்டிமேட் டீம் என்ற வீடியோ விளையாட்டில் 2015-ல் வீரர்களுக்கு விலை வரம்பு கொண்டுவந்தார்கள். ஒரு அபூர்வமான வீரனுக்கு வரம்பைவிட அதிகம் கொடுக்க நூறு பேர் இருந்தால், எல்லோரும் வரம்பில் வந்து நிற்பார்கள், அப்புறம் யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு அவன். சுற்றிச் சுற்றி மறுபடியும் விரல் வேகத்துக்கே வந்து நிற்கிறோம்.

சந்தையையே மூடிவிடலாம் என்பதும் ஒரு கட்சி. டியாப்லோ 3 என்ற கணினி விளையாட்டில் அது நடந்தது. 2012-ல் விளையாட்டோடு சேர்த்து ஏலக்கூடமும் வந்தது. அரக்கர்களைக் கொன்று ஆயுதம் சேர்ப்பதுதான் அந்த விளையாட்டின் உயிர், ஏலத்தில் வாங்கிக்கொள்ள முடிந்ததும் அது ஆட்டம் கண்டது, 2014 மார்ச்சில் அந்த நிறுவனமே கூடத்தை மூடிவிட்டது. அங்கே அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் கால்பந்தில் வீரர் கைமாறுவது விளையாட்டின் ஒரு பாகம், அதை வெட்டினால் அணி கட்டுகிற சந்தோஷத்தில் பாதி போய்விடும்.

கடைசியாக ஒன்று, எந்த விதி வந்தாலும் கணக்கைக் காட்ட வேண்டும். ஈவ் ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவர்கள் 2007-ல் ஒரு பொருளாதார நிபுணரையே வேலைக்கு வைத்தார்கள், பின்னாளில் மாதாமாதம் பொருளாதார அறிக்கையும் வெளியிட ஆரம்பித்தார்கள். எங்கள் விளையாட்டில் ஒரு மாதத்தில் எவ்வளவு பணம் உள்ளே வந்தது, கமிஷனிலும் சம்பளத்திலும் எவ்வளவு கரைந்தது என்று ஆடுகிற யாருக்கும் தெரியாது. விலை ஏறினால் அது வீரர் பற்றாக்குறையா, பணம் பெருத்துவிட்டதா என்று ஊகித்துக்கொண்டு திரிகிறோம்.

கருத்துக்கணிப்பில் இருபத்திரண்டு கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் சந்தையிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதைப் பொறுமையாக நிரப்பி அனுப்புவார்கள், வாரத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்துப் பயிற்சி மட்டும் கொடுக்கிற நம்மைப் போன்றவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுவோம். நேரம் இல்லையென்றால் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். பதினாலாவது கேள்வி பயிற்சி கொடுத்த கிளப்புக்குப் பங்கு பற்றியது, பதினேழாவது உச்ச விலையை முன்கூட்டியே போடுகிற வசதி பற்றியது. அந்த இரண்டுக்கு மட்டுமாவது பதில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்