ஞாயிறு பறையிசை: கவனிக்க

வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் குடியிருப்பு விழாவில் பறையிசை. போன வருடம் எல்லோரும் ஆடித் தீர்த்துவிட்டு, அடித்தவர்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் தண்ணீர், பார்க்கிங்கில் சாப்பாடு என்று விட்டுவிட்டோம். இதற்குப் பெயர் தீண்டாமைதான், 1955 முதலே தண்டனைக்குரிய குற்றம்.

1. கலைஞர்கள் 4 மணிக்கே வருவார்கள். அதே லிஃப்ட், அதே கழிப்பறை, நம்மோடு ஒரே பந்தி.
2. பறையின் தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டுவார்கள், மேடைக்குப் பின்னால் நிற்கும் வண்டிகளை எடுத்துவிடுங்கள்.
3. பேசிய தொகையை முழுதாகக் கொடுத்தாகிவிட்டது, அதனால் சட்டையில் நோட்டு குத்துவது வேண்டாம்.
4. "சாவு மேளம் இங்கே எதற்கு" என்று எனக்குத் தனியாக அனுப்பியவர்கள் குழுவிலேயே கேட்கலாம் (போன வருட வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பியதும் நீங்கள்தானே!).

பந்தி பரிமாற நாலு பேர் வேண்டும். வீட்டுக்கு எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.